மீதிகளின் கணக்கு

வேலையைப் பிரிப்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் வேலையோடு சேர்த்து அறிவும் துண்டாடப்படுகிறது. மற்றதில் ஒவ்வொரு பங்கிலும் முழு வேலையின் சாயல் இருக்கிறது. கணிப்பின் வரலாற்றை வேகத்தின் வரலாறாகவே எழுதிப் பழகிவிட்ட நமக்கு இந்த வேறுபாடு கண்ணில் படுவதில்லை. நான் சொல்ல வருவது அதைப் பற்றித்தான்.

முதல் வகை நமக்குத் தெரிந்ததே. 1790களில், புரட்சிக்குப் பிந்தைய பிரான்சில், காஸ்பார் த ப்ரோனி மடக்கை அட்டவணைகள் தயாரிக்கும் பணியை ஆடம் ஸ்மித்தின் குண்டூசித் தொழிற்சாலை மாதிரியில் மூன்று தட்டுகளாக அமைத்தார். மேல்தட்டில் சூத்திரம் வகுக்கும் சில கணிதவியலாளர்கள். நடுவில் அதை எண்களாக்கித் தரும் ஏழெட்டுப் பேர். அடித்தட்டில் கூட்டலும் கழித்தலும் மட்டுமே செய்யும் 60 முதல் 80 பேர். கூட்டல் கழித்தலுக்கு மேல் ஒண்ணும் தெரியாதவங்கதான் தப்பில்லாமல் கணக்குப் போட்டாங்க என்று 1832இல் சார்லஸ் பாபேஜ் வியந்து எழுதினார். தெரியாமையே ஒரு தகுதியாகிவிட்டது. அவர் வடிவமைத்த இயந்திரம் இந்த அடித்தட்டின் இடத்தில் உட்கார வேண்டியதுதான். பாபேஜை மார்க்ஸ் கவனமாகப் படித்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

இந்த ஏற்பாட்டில் குறியீடு மேலேயே இருந்துகொள்கிறது, எண் மட்டும் கீழே இறங்குகிறது. அப்படியானால் குறியீட்டுக் கணக்கையே, அதாவது இயற்கணிதத்தையே, பலருக்கோ பல இயந்திரங்களுக்கோ பிரித்துக் கொடுக்க முடியுமா? தோராயத்துக்கு அங்கே இடமில்லை, 2.99ஐ 3 என்று வைத்துக்கொள்ள முடியாது. இடைநிலைக் கோவைகளும் எண்களும் ஊதிப் பெருத்து நினைவகத்தை அடைத்துக்கொள்ளும். இங்கே முட்டுக்கட்டை வேகமல்ல, இடம்.

2006இல் ‘அட்லஸ்’ என்ற கணிதவியலாளர் குழு இந்த இடத்தில்தான் சிக்கி நின்றது. 1887இல் வில்ஹெல்ம் கில்லிங் கண்டறிந்த ஈ-8 என்னும் 248 பரிமாணச் சமச்சீர் அமைப்புக்கு அவர்கள் ஓர் அட்டவணை போட வேண்டியிருந்தது. 4,53,060 வரிசை, அதே அளவு பத்தி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பல்லுறுப்புக்கோவை. கைக்கெட்டிய எந்த இயந்திரத்தின் நினைவகமும் போதவில்லை.

நோம் எல்கீஸ் சொன்ன வழி பழையது. மூன்றால் வகுத்தால் மீதி 2, ஐந்தால் வகுத்தால் 3, ஏழால் வகுத்தால் 2 வரும் எண் எது என்று பழைய சீனக் கணித நூலான சுன்ட்ஸு சுவான்ஜிங் கேட்கிறது. விடை 23. கி.பி. 499இல் ஆரியபட்டர் தந்த ‘குட்டக’ முறையும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். எண்ணை விட்டுவிட்டு மீதிகளை மட்டும் வைத்துக்கொள்வது, கடைசியில் சேர்ப்பது: அவ்வளவுதான் சங்கதி.

251, 253, 255, 256 ஆகிய நான்கு எண்களை எடுத்துக்கொண்டு, முழுக் கணக்கையும் நான்கு முறை, மீதிகளில் மட்டும் செய்தார்கள். மீதி 256க்குள் அடங்குவதால் சின்ன இடமே போதும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஒரே இயந்திரத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓட்டினார்கள். நான்கு இயந்திரங்கள் இருந்திருந்தால் ஒரே நேரத்தில் ஓட்டியிருக்கலாம், ஏனென்றால் ஒன்று மற்றொன்றிடம் எதையும் கேட்க வேண்டியதில்லை. அட்டவணையிலுள்ள மிகப் பெரிய குணகம் 1,18,08,808. அது நான்கு ஓட்டங்களிலும் முறையே 11, 33, 13, 40 என்றே தெரியும். எந்த ஒன்றும் பொய்யில்லை. தனியாக எந்த ஒன்றும் போதாது. 256ஆல் மட்டும் பார்க்கிறவனுக்கு 256 என்ற எண்ணே பூஜ்யமாகத்தான் தெரியும். நான்கையும் சேர்த்தால் 414 கோடி வரைக்கும் எண் தப்பாது.

ப்ரோனியின் அடித்தட்டு ஆளுக்கும் இந்த மீதிக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். அவன் கையில் இருந்தது கணக்கின் ஒரு துணுக்கு. இங்கே ஒவ்வொரு ஓட்டமும் முழுக் கணக்கையும் ஒரு கோணத்திலிருந்து நடத்துகிறது. படிநிலை இல்லாத பிரிவினை சாத்தியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. ஆனால் சேர்க்கும் வேலை தானாக நடந்துவிடாது. அதையும் யாராவது செய்தாக வேண்டும்.

2007 ஜனவரி 8இல் அட்டவணை முடிந்தது. மார்ச்சில் உலகுக்குப் போன செய்தி ‘77 மணி நேரம்’ என்பது. அதற்குப் பின்னால் நான்கு ஆண்டு உழைப்பு இருந்தது. அடிப்படை நிரலை எழுதியவர் லியோனைச் சேர்ந்த ஃபோக்கோ து க்ளூ. தசைகளைச் செயலிழக்க வைக்கும் ஏ.எல்.எஸ். நோயோடு எழுதி முடித்தார். 2006 நவம்பரில், விடை வருவதற்கு இரண்டு மாதம் முன்பு, இறந்துபோனார். அவருடைய நிரலை மீதிக் கணக்குக்கு மாற்றியமைத்தவர் மார்க் வான் லீவென்.

இயந்திரத்தின் நேரத்தை மட்டும் எண்ணி மனித நேரத்தைப் பூஜ்யமாக்குகிற இந்தக் கதையாடல் பாபேஜ் காலத்து வழக்கம்தான். முறை மாறிவிட்டது, சொல்லும் விதம் மாறலே. நம் இயக்கங்களில் வேலையைப் பங்கு வைக்கும்போதும் இதைக் கேட்டாக வேண்டும்: என் பங்கில் முழுமையின் சாயல் இருக்கிறதா, இல்லே நான் கூட்டல் கழித்தல் மட்டும் போடுகிற ஆளா? சேர்க்கும்போது யார் யார் கணக்கில் வருகிறார்கள்?