கம்பி பெற்ற பிள்ளை

மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவின் மாடி உணவகங்களிலும், அலைச்சறுக்குப் பலகைகள் சாய்த்து வைத்த கோவளத்துத் திண்ணைகளிலும் கிட்டார் இல்லாத மாலை குறைவு. அந்தக் கிட்டார்களைக் கையில் வாங்கிப் பார்த்தால் மரம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். முதலில் கெட்டுப்போவது தலைப்பகுதியில் தந்தியை முறுக்கும் ஆறு கீக்கள். உப்புக்காற்று முலாமைப் பொரிய வைத்து அடியில் இறங்கும். பித்தளைச் சக்கரம் பச்சை பூக்கும், இரும்புத் திருகு துருவேறும். திருப்பினால் கொஞ்ச தூரம் ஒன்றும் நடக்காது, பிறகு சுருதி சட்டென்று தாவும். அப்போதுதான் ‘கீ மாத்தணும்’ என்ற பேச்சு வருகிறது.

மாற்றுவது கிடக்கட்டும். இந்தக் கீயின் பூர்வோத்தரத்தைப் பார்த்தால், அது கிட்டாருக்காகப் பிறக்கவே இல்லை.

அதற்கு முன்னால் எல்லா ஊரிலும் இருந்தது மர ஆணிதான். நம் வீணையின் பிரடை, வயலின் பிரடை, பழைய கிட்டாரின் பிரடை எல்லாம் ஒரே ஜாதி: கூம்பாகச் சீவிய ஆணி, அதற்கேற்ற துளை. இரண்டும் உரசுகிற பிடிமானத்தில் தந்தி நிற்கிறது. சிக்கலும் அங்கேதான். தந்தி நழுவாமல் இருக்க இறுக்கம் வேண்டும், கை திருப்புவதற்கு இளக்கம் வேண்டும். இரண்டையும் ஒரே துளையிடம் கேட்கிறோம். ஐப்பசி மழையில் மரம் ஊதி பிரடை அசைய மறுக்கும். அக்னி நட்சத்திரத்தில் சுருங்கித் தானாகவே கழன்று சுற்றும். சாக்பீஸ் தடவுவது, சோப்பு தடவுவது எல்லாம் இந்த வழக்கில் அவ்வப்போது செய்துகொள்ளும் சமரசம்.

நரம்புத் தந்திக் காலத்தில் இந்தச் சமரசம் போதுமானதாக இருந்தது. ஆட்டுக்குடலில் திரித்த நரம்பு இழுத்தால் நீளும். ஒரு சுரத்தானம் ஏற்ற அதைப் பல மில்லிமீட்டர் சுற்ற வேண்டும், கை கொஞ்சம் தவறினாலும் பொறுத்துக்கொள்ளும். எஃகுக் கம்பி அப்படியல்ல. இன்றைய கிட்டாரின் மிக மெல்லிய தந்தியை ஒரு சுரத்தானம் ஏற்ற, முக்கால் மில்லிமீட்டர்கூட இழுக்க வேண்டியதில்லை. 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள மர ஆணியில் அது ஏறத்தாழ 10 பாகைத் திருப்பம். கடிகாரத்தின் நிமிட முள் இரண்டு நிமிடத்தில் நகர்வதைவிடக் குறைவு. அந்த இடைவெளிக்குள் காது கேட்கிற நுண்மையெல்லாம் விரல் நுனியில் பிடிபட வேண்டும். கம்பி வந்ததுமே மர ஆணியின் கணக்கு தப்பிவிட்டது.

அதை முதலில் உணர்ந்த ஊர்களில் ஒன்று லண்டன். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அங்கே வசதியான வீட்டுப் பெண்கள் மத்தியில் ஒரு சிறிய வாத்தியம் பெரும் பிரபலம். பெயர் என்னவோ இங்கிலீஷ் கிட்டார்தான். உடல் பேரிக்காய் வடிவம், பத்துத் தந்தி, அத்தனையும் உலோகக் கம்பி. நீளமும் குட்டை. மர ஆணியை வைத்து அதைச் சுருதி சேர்ப்பது பெரும்பாடு. ஜான் பிரஸ்டன் என்ற வாத்தியக் கடைக்காரரின் பெயர் பொறித்த பித்தளைப் பெட்டி ஒன்று அந்த வாத்தியத்தின் தலையில் ஏறியது. உள்ளே வரிசையாகச் சிறு திருகுகள், ஒவ்வொரு திருகிலும் ஒரு கொக்கி, கொக்கியில் தந்தி. பைக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார்கள் அல்லவா, அதே மாதிரிச் சாவியைத் திருகின் தலையில் மாட்டித் திருப்பினால் கொக்கி மயிரிழை மயிரிழையாக ஏறும். போர்த்துகலின் ஃபாடோ பாட்டுக்கு வாசிக்கும் கிட்டாராவின் தலையில் விசிறி மாதிரி விரிந்திருக்கும் இயந்திரம் இதன் வழித்தோன்றல்தான்.

இன்னொரு பிறப்பு பெர்லினில். அங்கே பிரச்சினை நுண்மை அல்ல, பலம். டபுள் பாஸின் கனத்த நரம்பை மர ஆணியால் முறுக்கக் கை வலுப் போதாது. 1778-ல் பாக்மான் என்ற வயலின் தச்சர் அதற்குத் திருகும் பல்சக்கரமும் சேர்ந்த இயந்திரத்தைப் பொருத்தினார். இன்றைய கீயின் உயிர்நிலை இந்தச் சேர்க்கைதான். திருகு சக்கரத்தைச் சுற்றும். சக்கரத்தால் திருகைத் திருப்பிச் சுற்ற முடியாது. தந்தி எவ்வளவு இழுத்தாலும் கீ அசையாமல் நிற்பது இதனால்தான். பிடிப்பதும் திருப்புவதும் ஒரே உரசலை நம்பியிருந்த பழைய தகராறு அதோடு தீர்ந்தது.

கிட்டாருக்கு இது சற்றுத் தாமதமாக வந்தது. வியன்னாவில் யோஹான் கியோர்க் ஸ்டாஃபர் ஆறு கீக்களையும் ஒரே பக்கத்தில் வரிசையாக வைத்த தலையைச் செய்தார். அவரிடம் வேலை பார்த்த சி. எஃப். மார்ட்டின் 1833-ல் அமெரிக்காவுக்குக் கப்பலேறியபோது அந்தத் தலை வடிவமும் கூடவே போனது. 1954-ல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரைப் பார்க்கிறவர்கள் ஆறும் ஒரே பக்கம் இருப்பதைப் புதுமை என்று நினைப்பார்கள்; அது வியன்னாவின் பழைய சரக்கு. 1920-களில் மார்ட்டின் கிட்டார்களும் எஃகுத் தந்திக்கு மாறின. ஆறு தந்தியும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ இழுக்கிற நிலைக்கு வந்தபின், மர ஆணிக்கு ஃப்ளமெங்கோ கிட்டாரில் மட்டும் கொஞ்ச காலம் இடம் இருந்தது. சிகாகோவின் குளூசன், ஜெர்மனியின் ஷாலர், ஜப்பானின் கோட்டோ என்று பெயர்கள் பெருகின. அவற்றில் நம் கடற்கரைக்கு முக்கியமான மாற்றம் ஒன்றுதான்: பல்சக்கரத்தைக் கிரீஸோடு சேர்த்து உலோகக் கூட்டுக்குள் மூடிவிட்டது.

நம் பக்கத்தில் என்ன நடந்தது? மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் வாத்தியம் ஏந்திப் பறக்கும் கின்னரர்களிடம் போய்க் கேட்க முடியாது, அது ஏழாம் நூற்றாண்டு. தஞ்சாவூர் வீணை பதில் சொல்லும். வீணையிலும் உலோகக் கம்பிதான், ஆகவே அதே தலைவலி. ஆனால் வீணை ஆசாரிகள் பிரடையைத் தொடவில்லை. தந்தியின் மறுமுனைக்குப் போனார்கள். குடத்தின் அடியில் நாகபாசம் என்ற பிடிப்பில் தந்தி நேரே கட்டப்படுவதில்லை. நடுவில் லங்கர் என்று ஒரு கனத்த கம்பி, அதன்மேல் நகரும் ஒரு சிறு வளையம். பிரடையைத் திருப்பிச் சுருதிக்குக் கிட்டத்தில் வருவது. பிறகு வளையத்தை ஓர் இழை தள்ளித் துல்லியமாக நிறுத்துவது. தம்புராவில் அந்த வேலையை மணி செய்கிறது. பல் இல்லை, திருகு இல்லை, எண்ணெயும் வேண்டாம். பிரஸ்டனின் பெட்டியைவிட இது அழகான விடை என்பது என் கட்சி. வயலின்காரர்கள் எஃகுத் தந்தி மாட்டிய பிறகு வால்பகுதியில் சிறு திருகு வைத்துக்கொண்டதும் இதே யோசனைதான்.

இப்போது கிட்டார் கீ பொருத்திய வீணையும் சந்தையில் உண்டு. பயணம் போகிறவர்களுக்கும், குழந்தைகளை வீணைக்கு உட்கார வைக்கிற ஆசிரியர்களுக்கும் அது பெரிய நிம்மதி. தலை கனத்துப்போகிறது, பார்வைக்கு ஒட்டவில்லை என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு.

சரி, துருவேறிய கீக்கு வருவோம். செங்கல்பட்டிலிருந்து ரயிலேறிச் சென்னை அண்ணா சாலைக்கு, 1842-லிருந்து வாத்தியம் விற்றுவரும் மியூசி மியூசிகல் மாதிரிக் கடைக்குப் போனாலும், இணையத்தில் வாங்கினாலும், அளவு எடுக்காமல் போகக் கூடாது. பிராண்டு அப்புறம். முதலில் தலையில் உள்ள துளை: பழைய குளூசன் மாதிரிக்கு ஒன்பது மில்லிமீட்டருக்குள், மூடிய மாதிரிக்குப் பெரும்பாலும் 10 மில்லிமீட்டர். சிறிய துளையைப் பெரிதாக்கலாம், பெரிதானதைச் சுருக்குவது எளிதல்ல. நைலான் தந்திக் கிட்டாரில் மூன்று கீ ஒரே தகட்டில் இருக்கும். அங்கே தண்டுக்குத் தண்டு 35 மில்லிமீட்டர் என்பது பரவலான அளவு. ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் உள்ளே போகாது.

அட்டைப்பெட்டியில் 14:1, 18:1 என்று பல்விகிதம் போட்டிருப்பதைப் பெரிதாக நினைக்க வேண்டியதில்லை. 6 மில்லிமீட்டர் தண்டில் ஒரு முழுத் திருப்பத்துக்கு முதலாவது 1.35 மில்லிமீட்டர் தந்தியை இழுக்கும், இரண்டாவது 1.05. மர ஆணியோடு ஒப்பிட்டால் இரண்டுமே சொர்க்கம். இந்தக் கரையில் அந்த எண்ணைவிட மூடிய கூடுதான் காசுக்குத் தகுந்தது. திறந்த பல்சக்கரம் பார்க்க அழகு, விலையும் குறைவு, ஆனால் எண்ணெய் விட்டுத் துடைக்கிற பழக்கம் உள்ளவருக்கு மட்டும். தங்க முலாம் வேண்டவே வேண்டாம். விரல் வியர்வையே அதைத் தின்றுவிடும்.

வாங்குவதற்கு முன் இன்னொரு சோதனை. சுருதி சேர்க்கும்போது தலைப்பக்கம் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வந்து சுருதி தாவினால், குற்றவாளி பெரும்பாலும் கீ அல்ல, தந்தி உட்காரும் நட்டின் பள்ளம். அதில் பென்சில் கரியைத் தேய்த்துவிட்டு, சுருதியை எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றியே நிறுத்திப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ரயிலேறலாம்.