லங்காவியை விட்டு ஹட்யாய்க்கு: விடுமுறைக் கணக்கு மாறியது ஏன்?

பள்ளி விடுமுறைக்கு லங்காவி என்றிருந்த குடும்பங்கள் பல, இப்போது தாய்லாந்து எல்லையைத் தாண்டி ஹட்யாய்க்குப் போகின்றன. தீவில் விலை ஏறிவிட்டது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் காரணம். ஆனால், செலவு விடுதி அறையில் தொடங்குவதில்லை, படகுத்துறையிலேயே தொடங்கிவிடுகிறது.

லங்காவிக்குக் கோலா பெர்லிஸ் அல்லது கோலா கெடாவிலிருந்து பெர்ரி ஏற வேண்டும். ஏழு பேர் போனால் போக வர பதினான்கு டிக்கெட். காரைக் கரையில் விட்டுச் சென்றால் நிறுத்தக் கட்டணம் ஒரு பக்கம், தீவில் வாடகைக் கார் மறுபக்கம். ஹட்யாய்க்கோ அதே ஏழு பேரும் ஒரே வேனில் போய்விடலாம். புக்கிட் காயு ஹீத்தாம் எல்லையிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர்தான். வாகனத்துக்குத் தாய்லாந்துக் காப்புறுதி எடுக்க வேண்டும், அதில் தலைக்கணக்கு இல்லை. வாகனம் இல்லாதவர்கள் பாடாங் பெசார் வரை மின்ரயிலில் போய், அங்கிருந்து தாய்லாந்து ரயிலுக்கு மாறிக்கொள்கிறார்கள்.

1987-இல் வரிவிலக்கு கிடைத்த பிறகுதான் லங்காவிக்குக் கூட்டம் பெருகியது. சாக்லெட்டும் பீங்கான் பாத்திரமும் வாங்கவே போனவர்கள் உண்டு. இன்று அவற்றைக் கைப்பேசியிலேயே விலை ஒப்பிட்டு வாங்க முடிகிறது. பெருந்தொற்றுக் காலத்தில் எல்லை மூடியிருந்ததால், 2021 செப்டம்பரில் முதலில் திறக்கப்பட்ட லங்காவிக்கே உள்நாட்டுப் பயணிகள் திரண்டனர். 2022 ஏப்ரலில் எல்லை திறந்ததும் ஒப்பீடும் தொடங்கிவிட்டது.

இதற்காகத் தீவின் வியாபாரிகளைப் பேராசைக்காரர்கள் என்று சாடுவது நியாயமல்ல. காய்கறி முதல் சிமெண்டு வரை பெரும்பாலான சரக்கு கடல் கடந்தே அவர்களுக்கு வருகிறது. வார நாள்களில் காலியாகக் கிடக்கும் அறைக்கும் படகுக்கும் ஆகும் செலவை விடுமுறைக் கூட்டத்தில்தான் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது.

ஹட்யாய் பயணத்திலும் கண்ணில் படாத செலவு உண்டு. லங்காவிக்கு அடையாள அட்டை போதும். எல்லை தாண்டக் கடப்பிதழ் வேண்டும். புதிதாக எடுக்கும் பெரியவர் ஒருவருக்கு 200 ரிங்கிட். முதன்முறை போகும் குடும்பத்துக்கு இது பெர்ரி டிக்கெட்டையே மிஞ்சிவிடும்.

ஆபத்தும் இல்லாமல் இல்லை. 2012 மார்ச்சில் ஹட்யாய் நகரின் பெரிய விடுதி ஒன்றில் குண்டு வெடித்தது. 2025 நவம்பர் வெள்ளத்தில் ஆயிரக்கணக்கான மலேசியர்கள் விடுதிகளில் சிக்கினர். நவம்பர், டிசம்பர் அங்கே அடைமழைக் காலம். ஆண்டிறுதியில் போக நினைப்பவர்கள் முன்பணம் கட்டுமுன் வானிலை அறிவிப்பைப் பார்த்துவிடுவது நல்லது. 2025 மே முதல் தாய்லாந்தின் இலக்கவியல் வருகை அட்டையையும் புறப்படுமுன் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் இணையத்தளம் அதிகாரப்பூர்வமானது அல்ல.