மருத்துவமனையில் சமூகப்பணிக் களப்பயிற்சி

1905இல் பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் மருத்துவர் ரிச்சர்ட் கேபட் சமூகப்பணியாளரை அமர்த்தினார். வீட்டு நிலை தெரியாமல் எழுதும் மருந்துச்சீட்டு முழுப் பலன் தராது என்பதை அவர் கண்டிருந்தார். இன்று அமெரிக்காவில் முதுகலைச் சமூகப்பணி மாணவருக்குக் குறைந்தது 900 மணி நேரக் களப்பயிற்சி கட்டாயம். அதை அவசர சிகிச்சை மருத்துவமனையில் பெறுவோர் உண்டு. எடுத்துக்காட்டாக, இடுப்பெலும்பு முறிந்த ஒரு மூதாட்டி நாளை வீடு திரும்ப வேண்டும். கழிப்பறையோ மாடியில், மருந்து வாங்கித்தர ஆளில்லை. படுக்கையருகே உட்கார்ந்து இதைக் கேட்டறியும் பாடம் வகுப்பறையில் கிட்டாது. துயரத்தில் இருப்பவரை அனுபவமற்றவரிடம் ஒப்படைக்கலாமா என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் மாணவரை விலக்குவது அதற்கு விடையாகாது. அவர் எழுதும் குறிப்புகளைப் படித்துத் திருத்தும் மேற்பார்வையாளர் வேண்டும். அந்த மேற்பார்வைக்கான நேரத்தை மருத்துவமனை வேலைநேரமாகவே ஒதுக்க வேண்டும்.