ஓவேலியில் டெலிபோட்டோ லென்ஸ்: காட்டுயிர், விளையாட்டுப் படங்களுக்கான தேர்வு

டெலிபோட்டோ லென்ஸ் என்பது தொலைவில் உள்ளதைக் கிட்டத்தில் கொண்டுவந்து காட்டும் நீண்ட குவியத் தூர லென்ஸ்களுக்குப் பொதுவாக வழங்கும் பெயர். 70 முதல் 200 மி.மீ. வரையுள்ள ஜூம் லென்ஸும் இந்த வகைதான். ஆனால் காட்டுயிர்ப் படக்காரர்கள் பேச்சு வழக்கில் 'டெலி' என்றால் 300 மி.மீ.க்கு மேற்பட்டதையே குறிப்பார்கள். முன்பக்கத்தில் ஒளியைக் குவிக்கும் வில்லைத் தொகுதி, பின்பக்கத்தில் அதைச் சற்று விரிக்கும் தொகுதி என்று அமைத்தால், லென்ஸின் உடல் அதன் குவியத் தூரத்தைவிடக் குட்டையாக இருக்கும். இந்த அமைப்பை 1891இல் லண்டனில் டால்மேயரும் ஜெர்மனியில் மீத்தே, ஸ்டைன்ஹைல் ஆகியோரும் தனித்தனியே உருவாக்கினார்கள். இன்று தோளில் மாட்டிக்கொண்டு எஸ்டேட் பாதையில் நடக்கும் அளவுக்கு 600 மி.மீ. லென்ஸ் சுருங்கியதற்கு அதுவே அடிப்படை.

ஓவேலி, நீலகிரி மாவட்டம் கூடலூர் வட்டத்தில் உள்ள பேரூராட்சி. 1840களில் இங்கே காப்பித் தோட்டம் போட்ட ஜேம்ஸ் ஆக்டர்லோனியின் பெயரால் 'ஆக்டர்லோனி வேலி' என்று அழைக்கப்பட்ட பள்ளத்தாக்கு இது. காப்பிக்குப் பிறகு தேயிலை வந்தது. நீலகிரி மேட்டுநிலத்தின் மேற்குச் சரிவுக்குக் கீழே எல்லமலை, பெரியசோலை, சூண்டி என்று பரந்து கிடக்கும் தேயிலைச் சரிவுகளுக்கு இடையிடையே சோலைக்காடுகள் இறங்கி வருகின்றன. ஊட்டி சாலையில் ஊசிமலைப் பக்கம் நின்று பார்த்தால் இந்த நிலம் எவ்வளவு மடிப்பானது என்பது தெரியும். யானை, காட்டெருமை, கடமான், சிறுத்தை, கரடி, மலையணில், இருவாட்சி எல்லாம் இங்கே உண்டு. காட்டுயிர்களும் தொழிலாளர் குடியிருப்புகளும் ஒரே சரிவைப் பங்குபோட்டுக்கொள்ளும் இடம் என்பதால், லென்ஸ் தேர்வில் முதலில் பார்க்க வேண்டியது படத்தின் அழகை அல்ல, நிற்கும் தூரத்தை.

தூரக் கணக்கு

முழு அளவு சென்சார் 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் கொண்டது. 36ஐக் குவியத் தூரத்தால் வகுத்து, நிற்கும் தூரத்தால் பெருக்கினால், சட்டகத்துக்குள் எத்தனை மீட்டர் அகலம் அடங்கும் என்று வந்துவிடும். 60 மீட்டர் தள்ளித் தேயிலைக்குள் ஒரு கொம்பன் நிற்கிறது என்று கொள்வோம். 400 மி.மீ. லென்ஸில் 5.4 மீட்டர் அகலமும் 3.6 மீட்டர் உயரமும் அடங்கும். முழு யானையும் காலடியில் கொஞ்சம் தேயிலையும் கிடைக்கும். அதே இடத்தில் 600 மி.மீ. லென்ஸைப் போட்டால் 3.6 மீட்டருக்கு 2.4 மீட்டர், தலையும் முன்காலும் மட்டுமே மிஞ்சும். எதிர்ச்சரிவில், 150 மீட்டருக்கு அப்பால் மேயும் கூட்டத்துக்கு 600 மி.மீ. சரியாக இருக்கும். ஆக, யானைக்கு 600 தேவைப்படுவதே பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் நின்று எடுக்கும்போதுதான். எடுக்க வேண்டிய இடமும் அதுதான்.

தாய்லாந்தில் வளர்ப்பு யானைகளை ஓடவிட்டு எடுத்து 2003இல் வெளியான அளவீட்டில், ஆசிய யானை மணிக்குச் சுமார் 25 கிலோமீட்டர் வேகம் வரை எட்டியது. 60 மீட்டரைக் கடக்க அதற்கு ஒன்பது நொடிகூட வேண்டாம். தேயிலைச் செடிகளுக்கு நடுவே, ஈரச் சரிவில், கேமராப் பையுடன் மனிதன் அந்த நேரத்தில் எங்கும் போக முடியாது. 70–300 மி.மீ. லென்ஸ் மட்டும் வைத்திருப்பவர் 'இன்னும் நாலடி' என்று முன்னே போவதுதான் இங்கே நடக்கும் ஆபத்து. இதில் சொல்லியாக வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. படம் எடுத்தவர் மாலையில் ஊர் திரும்பிவிடுவார். சீண்டப்பட்ட யானையை மறுநாள் காலையில் எதிர்கொள்வது கொழுந்து பறிக்கப் போகும் பெண்களும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும். வேலைக்குப் போன வழியிலேயே யானை தாக்கி உயிரிழந்தவர்கள் உள்ள ஊர் ஓவேலி. எட்ட நின்று எடுக்க உதவாத லென்ஸ், எவ்வளவு கூர்மையானதாக இருந்தாலும், இந்த நிலத்துக்கு உகந்ததல்ல.

சிறிய உயிர்களுக்குக் கணக்கு வேறு. சில்வர் ஓக் மரத்தில் 20 மீட்டர் உயரத்தில் இருக்கும் மலையணிலை 600 மி.மீ. லென்ஸ் வாலோடு சட்டகத்தை நிறைத்துக் காட்டும். சோலையோரப் புதரில் எட்டு மீட்டர் தூரத்தில் உட்காரும் ஈப்பிடிப்பானுக்கு அதே 600 மி.மீ. போட்டாலும் சட்டகத்தில் நாலில் ஒரு பங்கு அகலம்தான் பறவையாக இருக்கும். பறவைக்கு எவ்வளவு நீளமும் போதாது; யானைக்கு நீளம் சீக்கிரமே அதிகமாகிவிடும். இரண்டையும் ஒரே நடையில் சந்திக்க நேரும் ஓவேலியில், ஒரே நீளத்தில் நிற்கும் பிரைம் லென்ஸைவிட ஜூம் லென்ஸே கைகொடுக்கும்.

சிறிய சென்சார் கேமராக்களில் (நிக்கான், சோனியில் 1.5 மடங்கு, கேனானில் 1.6 மடங்கு) 400 மி.மீ. லென்ஸே 600 அல்லது 640 மி.மீ. போலச் சட்டகம் தரும். பணம் குறைவாக உள்ளவருக்கு இது நல்ல வழி. வெளிச்சம் குறைந்த இடத்தில் படத்தில் புள்ளி கூடும் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

மா. கிருஷ்ணனின் கேமரா

தமிழ்நாட்டுக் காட்டுயிர்ப் படக்கலையில் லென்ஸ் தேர்வு என்றதும் நினைவுக்கு வர வேண்டியவர் மா. கிருஷ்ணன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். முதுமலை யானைகளை நெடுங்காலம் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தவர். ஒரு நிறுவனத்தின் கேமரா உடல், இன்னொன்றின் டெலிபோட்டோ லென்ஸ், தானே சேர்த்த உதிரிகள் எல்லாவற்றையும் இணைத்து அவர் உருவாக்கிய கருவிக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர். கடையில் கிடைத்ததை அப்படியே ஏற்காமல், தன் காட்டுக்கும் தன் வேலைக்கும் ஏற்ற கருவியைத் தானே முடிவு செய்தார் என்பதே இதில் கவனிக்க வேண்டியது. வளர்ப்பு யானையின் முதுகில் அமர்ந்து அவர் பல படங்களை எடுத்தார். காட்டு விலங்குகள் வளர்ப்பு யானையைக் கண்டு அதிகம் மிரளுவதில்லை. அவருடைய தமிழ்க் கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூலாகத் தொகுத்திருக்கிறார். லென்ஸ் வாங்குவதற்கு முன் அதைப் படிப்பது நல்லது என்பேன். பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் லென்ஸின் நீளம் பயன்படும்.

வெளிச்சமும் மஞ்சும்

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, ஓவேலியில் வெளிச்சம் மிகக் குறைவு. காலை ஏழு மணிக்கு மர நிழலில் எஃப்/6.3 அபெர்ச்சரில் 1/500 நொடி வேகம் வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ 6400ஐத் தொட்டுவிடும். எஃப்/4 லென்ஸ் அதைப்போல இரண்டரை மடங்கு ஒளியை உள்ளே விடும். ஐஎஸ்ஓ 2500இல் அதே படம் கிடைக்கும். லென்ஸுக்குள் இருக்கும் அதிர்வுத் தடுப்பு கை நடுக்கத்தைத்தான் தடுக்கும், விலங்கின் அசைவை அல்ல. 1.4 மடங்கு டெலிகன்வர்ட்டர் மாட்டினால் ஒரு ஸ்டாப் ஒளி போகும், 2 மடங்கு மாட்டினால் இரண்டு ஸ்டாப். மழைக்காலத்தில் கன்வர்ட்டர் பையிலேயே கிடக்கட்டும்.

மஞ்சு இறங்கினால் எந்த லென்ஸும் உதவாது. இடையிலுள்ள நீர்த்துளிகள் ஒளியைச் சிதறடித்துப் படத்தை வெளிற வைக்கும். லென்ஸ் நீளமாக நீளமாக, தூரத்துப் பொருளைத் தேடிப்போய் அதிக மஞ்சின் வழியாகப் பார்க்கிறோம். ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் தடுமாறும்போது, ஃபோகஸ் எல்லையைச் சுருக்கும் பொத்தான் உள்ள லென்ஸ் நேரத்தை மிச்சப்படுத்தும். மஞ்சு கலையும்வரை காத்திருப்பது, இல்லையென்றால் யானையைச் சட்டகத்தில் சிறிதாக வைத்து மஞ்சையே படமாக எடுப்பது என்று இரண்டே வழி. இரண்டாவது வழியில் 100 மி.மீ. கூடப் போதும்.

மலையின் வடக்கே, மழை மறைவுப் பகுதியான மசினகுடி, சீகூர் பக்கம் நிலைமை தலைகீழ். வெளிச்சம் தாராளம். ஆனால் மார்ச், ஏப்ரலில் பத்து மணிக்கு மேல் தரையிலிருந்து எழும் கானல், தூரத்து மானின் உருவத்தை நெளிய வைக்கும். லென்ஸ் பழுது என்று பலர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவது இதனால்தான்.

எது பொருந்தும்

சிக்மாவின் 150–600 கன்டெம்பரரி 1.93 கிலோ எடை. டாம்ரானின் 150–600 இரண்டாம் தலைமுறை (2016) ஏறக்குறைய 2 கிலோ. முதல் லென்ஸாக வாங்குபவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டில் ஒன்றைத்தான் கையில் எடுக்கிறார்கள், அதில் தவறில்லை. சோனியின் 200–600 (2019), நிக்கானின் இசட் 180–600 (2023) ஆகிய இரண்டும் ஜூம் செய்யும்போது நீளாதவை. மழையில் நனைந்த குழாய் உள்ளே வெளியே போய்வராது என்பதால் ஓவேலிக்கு இவை ஒரு படி மேல். கேனான் ஆர்எஃப் 100–500 (2020) 1.4 கிலோவுக்குள் அடங்குவதால் மேட்டில் ஏறி நடப்பவருக்கு ஏற்றது, நீள்முனையில் எஃப்/7.1 என்பதுதான் குறை. அதே ஆண்டு வந்த கேனானின் 600, 800 மி.மீ. எஃப்/11 லென்ஸ்கள் மலிவு, இலேசு. மசினகுடி வெயிலில் வேலை செய்யும், சோலைக்குள் செய்யாது.

நிக்கான் 500 எஃப்/5.6 பிஎஃப் (2018) தனியாகச் சொல்ல வேண்டியது. சிறப்பு வில்லையால் எடையை 1.46 கிலோவாகக் குறைத்த லென்ஸ் இது. ஒளியும் இலேசும் ஒன்றாகக் கிடைக்கும் இதை, பழையதாகக் கிடைத்தாலும் பறவை எடுப்பவர் விடக்கூடாது. 600 எஃப்/4, 400 எஃப்/2.8 வகை லென்ஸ்கள் பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் போகும், சுமார் 3 கிலோ எடை. முதுமலையின் தெப்பக்காட்டிலிருந்து கிளம்பும் வனத்துறை வண்டியில் ஜன்னலில் பீன் பேக் போட்டு வைப்பதற்கு அவை சரி. அட்டைப் பூச்சி ஏறும் எஸ்டேட் பாதையில் அவ்வளவு கனத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பவர், யானை எதிர்ப்பட்டால் விரைந்து பின்வாங்க முடியாது.

பூஞ்சை

ஓவேலியில் லென்ஸைக் கெடுப்பது அடிபடுவதைவிட ஈரமே. காற்றின் ஈரப்பதம் வாரக்கணக்கில் உச்சத்தில் நிற்கும் மாதங்களில், பையில் மூடி வைத்த லென்ஸுக்குள் சிலந்தி வலை போல வெள்ளை இழைகள் படரும். அந்தப் பூஞ்சை வெளிவிடும் அமிலம் கண்ணாடியின் பூச்சை அரித்துவிட்டால் சுத்தம் செய்தாலும் தழும்பு போகாது. 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வைக்கும் மின்சார உலர்பெட்டி சிறந்தது. மின்வெட்டு நீளும் இடங்களில் காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். ஜெல்லின் நிறம் மாறியதும் வறுத்து உலர்த்தி மீண்டும் போட வேண்டும், அதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். வாரம் ஒருமுறை வெளியில் எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பயன்படுத்துவது எல்லாவற்றையும்விட நல்ல மருந்து.

மைதானத்தில்

விளையாட்டுக்கு நீளத்தைவிட அபெர்ச்சர் முக்கியம். கூடலூருக்கு அடுத்த மலப்புரத்தில் பெயர்பெற்ற செவன்ஸ் கால்பந்து இரவு விளக்கொளியில் நடப்பது. கோட்டோரம் நின்று எடுக்க 70–200 எஃப்/2.8 ஒன்றே போதும்: 40 மீட்டர் தூரத்தில் 200 மி.மீ. 7.2 மீட்டர் அகலம் தரும், பந்தும் இரண்டு ஆட்டக்காரர்களும் அடங்குவார்கள். வேகம் 1/1000க்குக் குறையக் கூடாது. மலிவான எல்இடி விளக்குகள் நொடிக்கு நூறு முறை மினுங்குவதால் அடுத்தடுத்த படங்களில் வெளிச்சமும் நிறமும் மாறும். கேமராவில் மினுங்கல் தடுப்பு இருந்தால் போட்டுக்கொள்ள வேண்டும். சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்தில் எல்லைக்கோட்டுக்கு வெளியே, மட்டையாளரிடமிருந்து சுமார் 70 மீட்டர் தள்ளி உட்காரும் பத்திரிகைப் படக்காரருக்கு 400 மி.மீ. லென்ஸில் 6.3 மீட்டர் அகலம் கிடைக்கும். ஸ்டம்பும் விக்கெட் கீப்பரும் சேர்ந்து வருவார்கள். மட்டையாளர் மட்டும் வேண்டுமென்றால் 600. காட்டுக்கு வாங்கிய 150–600 பகல் ஆட்டத்துக்கு உதவும், இரவு ஆட்டத்தில் திணறும்.

சட்டமும் பழைய லென்ஸும்

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயங்களுக்குள் நுழைய அனுமதி வேண்டும். புகைப்படம் எடுப்பது அனுமதி தரப்படும் நோக்கங்களில் ஒன்று. முதுமலை வழியாகச் செல்லும் சாலையில் வண்டியை நிறுத்தி இறங்கிப் படம் எடுப்பது தடை. ஓவேலியின் காப்புக்காடுகளுக்குள் போகவும் வனத்துறை அனுமதி தேவை. எஸ்டேட் பாதைகளுக்கு நிர்வாகத்தின் இசைவு வேண்டும்.

வாங்குவதற்கு முன் கோவையிலோ பெங்களூரிலோ வாடகைக்கு எடுத்து இரண்டு நாள் இதே மேட்டில் தூக்கி நடந்து பார்ப்பது புத்திசாலித்தனம். பழையதை வாங்குபவர் லென்ஸின் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, முன்பக்கம் வழியே பார்க்க வேண்டும். தூசு தெரிந்தால் பரவாயில்லை. இழை தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.