கொல்லையில் கிடைத்த வில்லை

வேலூர்ப் பக்கம் எங்கள் பூர்வீக வீட்டுக் கொல்லையில், புதைந்துபோன தண்ணீர்க் குழாயைத் தேட பிளம்பர் ஒரு மெட்டல் டிடெக்டர் கொண்டுவந்திருந்தார். குழாய் அகப்படவில்லை. கிணற்றடியில் அது கத்திய இடத்தைத் தோண்டினால் ஒரு பித்தளைத் தகடு! கலெக்டர் ஆபீஸ் டவாலிச் சேவகர் வில்லை பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரி. ஆனால் இது பட்டாளத்துக்காரர் இடுப்புவாரில் மாட்டுவது.

எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. 1806 ஜூலை 10, வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது எங்கள் முன்னோர் ஒருவரும் அதில் இருந்தாராம். "அவரோட வில்லைதான்டா!" என்று அண்ணன் குதித்தார். அண்ணி புளி போட்டுத் தேய்க்க எடுத்துப் போனார்கள். நல்லவேளை, தடுத்துவிட்டேன். எழுத்து மழுங்கிவிட்டால் அப்புறம் சாட்சி ஏது?

தண்ணீரில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் மெதுவாக மண்ணை எடுத்தேன். மேலே ஒரு கிரீடம். நடுவில் 75. சுற்றிலும் ஆங்கிலத்தில் கர்னாடிக் இன்ஃபன்ட்ரி.

இந்த மாதிரி வில்லைகளில் முதலில் கிரீடத்தைப் பார்க்க வேண்டும். விக்டோரியா ராணி காலத்துக் கிரீடத்தின் வளைவுகள் நடுவில் சற்றுப் பள்ளமாக இறங்கும். 1901-இல் ராணி மறைந்து எட்வர்ட் மன்னர் வந்தபின் அது கும்பம் போல் உருண்டது. எங்களுடையது உருண்டை.

அடுத்தது எண். 1857-க்கு முன்பு, படை பெருத்திருந்த நாளிலேயே, மதராஸ் காலாட்படை ரெஜிமென்ட்டுகள் 52தான். 75 எங்கிருந்து வரும்? 1903-இல் கிச்சனர் இந்தியப் படைகள் முழுவதுக்கும் ஒரே வரிசையில் எண் கொடுத்தார். மதராஸ் படைகளுக்குப் பழைய எண்ணோடு 60 கூட்டினார்கள். அப்படித்தான் 15-ஆம் மதராஸ் காலாட்படை 75-ஆம் கர்னாடிக் ஆயிற்று. 1922-இல் ரெஜிமென்ட்டுகளை இணைத்தபோது அந்த எண்ணும் போயிற்று. ஆக, 1903-க்கு முன்பும் இல்லை, 1922-க்குப் பின்பும் இல்லை.

அண்ணன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வருகிறவர்களிடம் இன்னமும் 1806 என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எனக்கு வேறு ஒரு முகம் ஞாபகம் வந்தது. தாத்தாவின் தம்பி. 1914 சண்டைக்காலத்தில் பட்டாளத்தில் இருந்தவர். சாயங்காலமானால் அதே கிணற்றடியில் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருப்பார். பிள்ளைகளுக்கு அவரிடம் பயம். வில்லையில் பெயர் இல்லை, அவருடையதுதான் என்று என்னால் சாதிக்க முடியாது. எந்த ரெஜிமென்ட் என்று அவரை வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.