கரடித் தீவும் நேலப்பட்டும்: உணவு வலைக் கருத்தின் வரலாறும் கற்பித்தலும்

1. முன்னுரை

உயிரினங்கள் ஒன்றையொன்று உண்டு வாழும் முறையை மாணவர்க்கு விளக்க நம் பள்ளிப் பாடங்கள் பெரும்பாலும் கையாளும் எடுத்துக்காட்டு, புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, பருந்து என்னும் வரிசையாகும். நினைவிற்கு எளிதான இவ்வரிசை, உணவுறவின் ஒரு கூற்றை மட்டுமே காட்டுகிறது. பருந்தோடு வரிசை முடிந்துவிடுவதால், பருந்தின் எச்சமும் இறந்த உடலும் என்னவாகின்றன என்ற வினா எழுவதில்லை. உணவு வலை என்னும் கருத்து முதலில் வரையப்பட்டபோது இவ்வினாவே அதன் நடுவில் இருந்தது. அக்கருத்தின் வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைத்து, நாயுடுபேட்டை வட்டாரத்தின் நேலப்பட்டு ஏரியை முன்னிறுத்தி அதனைக் கற்பிக்கும் முறையை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. கருத்தின் தோற்றம்

வலியது மெலியதை உண்ணும் என்ற உண்மை பண்டைக் காலத்திலேயே அறியப்பட்டதாகும். ஒன்பதாம் நூற்றாண்டில் பஸ்ரா நகரில் வாழ்ந்த அரபு அறிஞர் அல் ஜாகிஸ் தம் விலங்கு நூலில் இதனை விரித்துரைத்துள்ளார். 1880இல் இத்தாலிய விலங்கியலார் லொரென்சோ கமெரானோ இத்தகைய உறவுகளைப் படமாகவே வரைந்தார்.

எனினும் ஒரு நிலப்பகுதியின் உயிர்கள் அனைத்தையும் ஒரே படத்தில் இணைக்கும் முயற்சிக்கு வட துருவப் பகுதியே களமாயிற்று. 1921இல் ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகத்தார் மேற்கொண்ட ஸ்பிட்ஸ்பெர்கன் பயணத்தில் சார்லஸ் எல்டன் என்னும் இளம் மாணவரும், விக்டர் சம்மர்ஹேய்ஸ் என்னும் தாவரவியலாரும் பங்கேற்றனர். கரடித் தீவில் உயிரின வகைகள் குறைவு. ஆதலின் உறவுகளை ஓரளவு முழுமையாகத் தொடர இயன்றது. 1923இல் அவர்கள் வெளியிட்ட படத்தில் ஒரு செய்தி சிறப்பாகக் கருதத்தக்கது. கடற்பறவைகள் கடலில் உண்டு தீவில் எச்சமிடுகின்றன; நுண்ணுயிர்கள் அதனைச் சிதைத்து உப்புகளாக்குகின்றன; அவ்வுப்புகளால் செடிகள் வளர்கின்றன. அதாவது, தீவின் பசுமைக்குக் கடலும் உரமிடுகிறது.

1927இல் எல்டன் எழுதிய 'விலங்குச் சூழலியல்' நூல் உணவுச் சங்கிலியை விளக்கியதோடு, பல சங்கிலிகள் பின்னிய தொகுதியை 'உணவுச் சுழற்சி' என்றும் குறித்தது. இன்று நாம் உணவு வலை என்பது அதனையே. 1935இல் டான்ஸ்லி சூழல் மண்டலம் என்னும் கலைச்சொல்லை முன்மொழிந்தார். 1942இல் ரேமண்ட் லிண்டெமன் மினசோட்டாவின் சிறு ஏரியொன்றை ஆய்ந்து, ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குச் செல்லும் ஆற்றல் குறைந்துகொண்டே வருவதைக் காட்டினார். அக்கட்டுரை அச்சேறுமுன் 26 வயதிலேயே அவர் மறைந்தார்.

3. நேலப்பட்டும் பழவேற்காடும்

நாயுடுபேட்டைக்குத் தென்கிழக்கே, தொரவாரிச் சத்திரம் மண்டலத்தில் நேலப்பட்டு அமைந்துள்ளது. நெல்லூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்த இவ்வட்டாரம் 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்தில் அடங்கும். ஏரியின் நீரில் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில், வடகிழக்குப் பருவமழையை ஒட்டிக் கூழைக்கடாக்கள் கூடு கட்டுகின்றன. நத்தை குத்தி நாரை, வெள்ளை அரிவாள் மூக்கன், நீர்க்காகம், வக்கா ஆகியனவும் உடன் வாழ்கின்றன. 1976இல் இது பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது.

இங்குக் கருதவேண்டியது, கூழைக்கடா குஞ்சுக்கு ஊட்டும் மீன் அனைத்தும் கூடிருக்கும் ஏரியினின்று வருவதன்று என்பதாகும். பழவேற்காட்டு ஏரிக்கும் சுற்றுப்புறக் குளங்களுக்கும் சென்று அது இரை தேடுகிறது. பழவேற்காட்டிலோ ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கின்றன. அங்கு மிதவையுயிரிகளும் மட்கும் இறாலுக்கும் சிறு மீனுக்கும் உணவாகின்றன. மடவை முதலிய மீன்கள் பறவைக்கும் மீனவர்க்கும் பொதுவாகின்றன. பறவை உண்ட மீன் எச்சமாகி நேலப்பட்டு நீரில் விழுகிறது. அந்நீர் பாயும் வயல் நன்கு விளையும் என்பது உழவர் கண்ட உண்மை. ஊரார் பறவைகளைக் காப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும். நத்தை குத்தி நாரை வயல் நத்தைகளை உண்பது மற்றொரு பயன்.

வேடந்தாங்கலிலும் இதே அறிவு செயற்பட்டது. பறவைகளைச் சுடுவோரிடமிருந்து காக்குமாறு அவ்வூரார் வேண்ட, 1790களில் செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த லயனல் பிளேஸ் 'கவுல்' என்னும் உரிமை ஆவணம் வழங்கினார் என்பது வழிவழியாகக் கூறப்படும் செய்தி. எல்டன் கரடித் தீவில் வரைந்த அம்புக்குறியைத் தமிழக உழவர் தம் வயலில் முன்னரே கண்டிருந்தனர் எனலாம்.

4. கற்பித்தலில் மொழியின் பங்கு

உணவு வலைப் படத்தில் அம்புக்குறி உண்ணப்படுவதிலிருந்து உண்பதை நோக்கிச் செல்லவேண்டும். மாணவர் இதனைத் தலைகீழாக வரைவதுண்டு. 'கூழைக்கடா மீனைத் தின்கிறது' என்று கூறினால் பறவையிலிருந்து மீனுக்குக் குறியிடத் தோன்றுவது இயல்பே. 'மீன் கூழைக்கடாவுக்கு உணவாகிறது' என்று கூறினால் நான்காம் வேற்றுமை உருபே திசையைக் காட்டிவிடுகிறது. ஆசிரியர் தொடரை மாற்றினால் பிழை பெரிதும் நீங்கும்.

கலைச்சொற்களும் இவ்வாறே. தெலுங்கில் உணவுச் சங்கிலியை 'ஆகாரபு கொலுசு' என்பர். நமக்குக் காலணியாகிய கொலுசு அவர்க்குச் சங்கிலி. எல்லைப்புற மாணவர்க்கு இவ்விரு பொருளும் அறிமுகமானவை. கொலுசில் ஒரு கண்ணி அறுந்தால் முழுதும் கழன்று விழும். வலையில் ஒரு கண்ணி அறுந்தால் வலை உடனே பயனற்றுப் போவதில்லை. ஓட்டை பெரிதாகப் பெரிதாகவே மீன் தப்பும். பழவேற்காட்டு மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு இவ்வேறுபாட்டை விளக்க வேறு கருவி வேண்டா. வீட்டுத் திண்ணையில் கிடக்கும் வலையே போதும்.

5. எல்லை பற்றிய வினா

சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 1991 நவம்பரில் ஆணையிட்டது. பாடம் வந்தது, ஆயினும் படங்கள் பெரும்பாலும் ஒரு குளத்தின் கரையோடு நின்றுவிடுகின்றன. நேலப்பட்டை அவ்வாறு வரைந்தால் படம் பொய்யாகும். பழவேற்காட்டின் முகத்துவாரம் மணலால் தூர்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவுக்குச் செல்லும் சாலை ஏரியின் குறுக்கே அமைந்து நீரோட்டத்தைத் தடுக்கிறது. கடல் நீர் புகாவிடில் இறாலும் மீனும் குறையும். அப்போது நேலப்பட்டில் மரத்தையும் நீரையும் எவ்வளவு காத்தாலும் கூட்டிலுள்ள குஞ்சு பசித்திருக்கும். மீனவர் அடுப்பும் அணையும். வேலியிட்ட காப்பிடம் வலையின் ஒரு முடிச்சே ஆகும்.

6. முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, எச்சமும் மட்கும் சிதைப்பனவும் இல்லாத படம் உணவு வலையாகாது. 1923இன் படமே இதற்குச் சான்று. இரண்டாவது, அம்புக்குறியின் திசையைத் தமிழ்த் தொடரமைப்பைக் கொண்டே கற்பிக்க இயலும். மூன்றாவது, வலையின் எல்லையை ஏரிக்கரை வகுப்பதில்லை. பறவையின் பறப்பே வகுக்கிறது. எனவே நாயுடுபேட்டைப் பகுதி ஆசிரியர் கரும்பலகையில் முதலில் எழுதவேண்டிய வினா, 'இந்தக் கூழைக்கடா இன்று எங்கே உண்டது?' என்பதேயாகும். அதற்கு விடை தேடும் மாணவர் மீனவரையும் உழவரையும் வினவ நேரும். அவ்வினாவல் வழியே தம் வீட்டு உணவும் அதே வலையில் அடங்குவதை அவர்கள் தாமே உணர்வர்.