ஆரத்தித் தட்டும் ஜே.சி.கோஷும்

எங்க மர்பி டவுன்ல ஆரத்தி கரைக்கிற அம்மாக்கள் எல்லாரும் செய்றது வேதியியல் சோதனைதான் மக்களே. மஞ்சள் தண்ணியில சுண்ணாம்பு சேர்ந்தா சிவப்பு, அது காரம். எலுமிச்சை பிழிஞ்சா திரும்பவும் மஞ்சள், அது அமிலம்.

நிறம் அடையாளம் காட்டும், சரி. அமிலம்னா என்ன? ஆக்சிஜன் இருக்கிறதுதான்னு லவாய்சியே சொன்னார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்துல ஆக்சிஜனே கிடையாதுன்னு 1810-ல் டேவி அதை உடைச்சார். தண்ணியில ஹைட்ரஜன் அயனி தந்தா அமிலம், ஹைட்ராக்சைடு தந்தா காரம்னு 1880-களில் அர்ரீனியஸ் சொன்னார். மூலக்கூறுகளில் ஒரு பகுதிதான் அயனியாப் பிரியும்ங்கிறது அவர் கணக்கு. வினிகருக்கு அது பொருந்திச்சு. ஹைட்ரோகுளோரிக் அமிலம், உப்பு மாதிரி பலமான மின்பகுளிகளுக்கு உதைச்சது.

அங்கதான் நம்மாளு வர்றார். 1918-ல், இருபதுகளில் இருந்த கல்கத்தாக்காரர் ஜே.சி.கோஷ், 'பலமானவை முழுசாவே பிரியும், அயனிகள் ஒண்ணையொண்ணு இழுக்கிறதாலதான் கணக்கு இடிக்குது'ன்னு எழுதினார். 1923-ல் டிபையும் ஹக்கலும் அவரோட சமன்பாட்டைத் தள்ளிட்டு வேற போட்டாங்க. ஆனா முழுசாப் பிரியும்ங்கிற அடிப்படை அப்படியே நின்னுது.

அதே கோஷ்தான் 1939-ல் நம்ம பெங்களூர் டாடா இன்ஸ்டிட்யூட்டுக்கு இயக்குநரா வந்தார். நான் படிச்ச புத்தகத்துல டிபை-ஹக்கல் பேர் மட்டும்தான் இருந்தது. உங்க பசங்களுக்குச் சொல்லித் தரும்போது கோஷ் பேரையும் சேர்த்துச் சொல்லுங்க.